அன்னத்தைப் பார்த்தவர் யார்?

கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் இடையிலுள்ள தேயிலை மலைகளிலிருந்து பிள்ளைகள் வந்து படிக்கும் ஒரு பாடசாலையில் நான் தமிழாசிரியன். சில ஆண்டுகளுக்கு முன்பு, உயர்தர வகுப்பில் நன்னூற் பாயிரத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். மாணாக்கரைத் தரம் பிரிக்கும் இடத்தில் தலைமாணாக்கனுக்குப் பவணந்தியார் அன்னத்தையும் பசுவையும் உவமை காட்டுகிறார். பாலையும் நீரையும் கலந்து வைத்தால் அன்னம் பாலை மட்டும் அருந்தி நீரை விட்டுவிடும், நல்ல மாணாக்கனும் அப்படியே என்று வழக்கமான விளக்கத்தைக் கூறினேன். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "சேர், அந்தப் பறவைய நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள். அது புலவர்களின் பறவை, இப்பொழுது காணக் கிடைக்காது என்று சொல்லி அவளை அமர்த்தினேன்.

தவணைப் பரீட்சையில் அவள் எழுதிய விடை இது: "அன்னம் என்பது காட்டு வாத்து. அது புல் தின்னும். பால் குடிக்காது." நூலகத்தில் கிடந்த ஏதோ ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் படித்திருக்கிறாள். நான் சிவப்பு மையினால் அதைக் குறுக்கே வெட்டினேன். நான்கு புள்ளிகளில் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

அந்தச் சிவப்புக் கோட்டைப்பற்றியே இக்கட்டுரை. பரீட்சைத் தாளில் நான் இழைத்த பிழை என் தனிப்பட்ட பிழை மட்டுமன்று என்று இப்பொழுது நினைக்கிறேன். நம்முடைய இலக்கியக் கல்வியிலும் விமரிசனத்திலும் ஊறிப்போன ஒரு பழக்கம் என் கையைப் பிடித்து அந்தக் கோட்டைக் கீறுவித்தது.

விமரிசன உலகில் அன்னத்துக்கு உள்ள செல்வாக்கு சாதாரணமானதன்று. நூல் வெளியீட்டு விழா எதுவாயினும் தலைமை வகிப்பவர், வாசகர்கள் அன்னம்போல் நல்லதைக் கொண்டு அல்லதைத் தள்ள வேண்டும் என்று கூறித்தான் அமர்வார். பால் எது, நீர் எது என்று சொல்லும் பொறுப்பிலிருந்து விமரிசகரை விடுவிக்கும் வசதியான பறவை அது. கலந்த பாலைப் பிரித்துக் குடித்த அன்னத்தைக் கண்டதாக இன்றுவரை ஒரு சாட்சியையும் எவரும் கொண்டுவந்ததில்லை. நாமும் கேட்டதில்லை. பகுத்தறிவின் சின்னமாக நாம் போற்றும் பறவையைப்பற்றி நாம் கொண்டிருப்பது பகுத்துப் பாராத நம்பிக்கை என்பது வேடிக்கைதான்.

இந்தப் பறவை எது என்பதில் அறிஞர்களிடையே பெரிய மறைபொருள் ஒன்றும் இல்லை. வடமொழியின் 'ஹம்ஸ' என்ற சொல்லும், இலத்தீனில் வாத்தைக் குறிக்கும் 'அன்சர்' என்ற சொல்லும், ஜெர்மானியரின் 'கான்ஸ்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. இந்திய இலக்கியத்திலும் கலையிலும் இப்பறவை பெற்றுள்ள இடத்தை ஆராய்ந்து டச்சு அறிஞர் வோகல் எழுதிய தனிநூலே 1962 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஹம்ஸம் என்பது பெருவாத்து என்பதே அந்நூலின் அடிப்படை. இந்தியாவுக்குப் பனிக்காலத்தில் பெருந்தொகையாக வரும் பெருவாத்துகள் இரண்டு. ஒன்று சாம்பல் வாத்து. மற்றது வரித்தலை வாத்து. பின்னதைப் பட்டைத்தலை வாத்து என்றும் சொல்வர். தமிழகத்தின் தென்கோடிவரை இறங்கி வருவது இந்த வரித்தலை வாத்துதான். எங்கள் நாட்டுக்கு எப்போதேனும் வழிதவறி வரும் ஒன்றிரண்டைத் தவிர அது வருவதில்லை.

அப்படியாயின், நம் கண்முன் நிற்கும் வெள்ளை உடலும் வளைந்த நெடுங்கழுத்தும் எங்கிருந்து வந்தன? 1899 ஆம் ஆண்டில் ரவிவர்மா வரைந்த தமயந்தியின் படத்தை நினைத்துப் பாருங்கள். தமயந்தியின் முன் நிற்பது ஐரோப்பியப் பூங்காக் குளங்களில் வளர்க்கப்படும் பறவை. நளனின் தூதாக விதர்ப்ப நாட்டுக்கு அது பறந்து வந்திருக்க வழியே இல்லை. ஆனால் அச்சுப் படங்களாகவும் நாட்காட்டிகளாகவும் அது வீடுதோறும் புகுந்தது. பாடநூல்களுக்குப் படம் வரைந்தோரும் அதையே பார்த்து வரைந்தனர். புகழேந்தியின் நளவெண்பாவைப் படிக்கும் நம் பிள்ளை மனத்தில் காண்பது இங்கிலாந்தின் ஏரிப் பறவை!

நம் நாட்டுச் சிற்பிகள் இவ்வளவு தூரம் ஏமாறவில்லை. அனுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லில் வரிசையாக நடக்கும் அன்னங்களைப் பாருங்கள். தடித்த உடல், உறுதியான கால், அலகில் ஒரு இளந்தளிர். சந்தேகமின்றி அவை வாத்துகள். எங்கள் மலைக்குக் கீழே, உடுநுவரையிலுள்ள எம்பக்கே தேவாலயத்தின் மேள மண்டபத் தூண் ஒன்றில், ஒன்றன் கழுத்தை மற்றொன்று சுற்றிப் பின்னிய இரண்டு அன்னங்கள் மரத்தில் செதுக்கப்பட்டுள்ளன. கம்பளை அரசர் காலத்தில், 14 ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்த ஆலயம் கதிர்காமக் கடவுளுக்குரியது. தெல்மட தேவேந்திர மூலாச்சாரி என்ற தச்சரின் கைவண்ணம் அச்சிற்பங்கள் என்பது செவிவழிச் செய்தி. கழுத்துகளின் பின்னல் அலங்காரந்தான். எந்தப் பறவையும் அப்படி நிற்காது. ஆனால் பக்கத்துத் தூண்களில் மல்லர்கள் பொருதுகிறார்கள், ஒரு தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். அன்னத்தை அந்தச் சிற்பி வானுலகத்தில் வைக்கவில்லை. ஊரார் நடுவே வைத்தார். 1903 முதல் 1906 வரை இந்நாட்டின் கனிப்பொருள் ஆய்வுப் பணியில் இருந்த ஆனந்த குமாரசுவாமி, கற்களைத் தேடிப்போன ஊர்களிலெல்லாம் இத்தகைய கைவினைஞரின் உழைப்பைக் கண்டுதான், 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலையைப்பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார்.

இனிச் சங்கப் புலவர்களிடம் வருவோம். புறநானூற்றின் 67 ஆம் பாட்டுப் பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனுக்காகப் பாடியது. நண்பனை ஒருமுறையேனும் நேரிற் காணாத புலவர், நிறைமதி எழும் மாலைப்பொழுதில் செயலற்று நிற்கிறார். அப்போது ஓர் அன்னச் சேவலை அழைத்துப் பேசுகிறார். குமரித்துறையில் அயிரை மீனை உண்டு வடமலைக்குப் போகிறாயானால், இடையிலே சோழநாட்டு உறையூரின் உயர்ந்த மாடத்தில் உன் பேடையோடு தங்கு. வாயில்காவலனிடம் அனுமதி கேட்டு நில்லாமல் உள்ளே போ. பிசிர் ஊர் ஆந்தையின் அடியவன் என்று சொல். உன் பேடைக்கு அணிகலன் தருவான் என் மன்னன் என்கிறார்.

இப்பாட்டை நட்பின் பெருமைக்கு மேற்கோளாக நூறு முறை கேட்டிருக்கிறோம். பறவையின் பக்கமாக நின்று ஒருமுறை படித்துப் பார்த்தால் வேறு சில செய்திகள் தெரிகின்றன. திசை சரியாக இருக்கிறது; பனிக்காலம் முடிந்ததும் வரித்தலை வாத்து தெற்கிலிருந்து வடக்கே மலைகளுக்குத்தான் போகிறது. இணை சரியாக இருக்கிறது. பெருவாத்துகள் ஆண்டுக்கணக்காக ஒரே துணையோடு வாழ்பவை, இணையாகவே பயணம் செய்பவை. இடையில் இறங்கித் தங்கிச் செல்வதும் சரியே. மாலையும் நிலவும்கூடத் தற்செயலாக வந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை. இரவில் நெடும்பயணம் செய்யும் பறவை இது. ஒன்றுதான் இடிக்கிறது. வரித்தலை வாத்தின் உணவு பெரும்பாலும் புல்லும் தானியமும் கிழங்கும். அயிரை மீன் அதன் உணவில் முக்கியமானதன்று.

நற்றிணையிலுள்ள பரணர் பாட்டொன்று இதைவிட வியப்பானது. தென்கடலோரம் மேய்ந்த செங்கால் அன்னம், இமயத்தின் உச்சியில் உள்ள தன் இளங்குஞ்சுகளுக்கு இரை கொண்டு பறக்கிறது என்பது அதிலுள்ள செய்தி. இங்கே பிழை இரண்டு. பெருவாத்துக் குஞ்சு முட்டையிலிருந்து வந்து ஒரு நாள் ஆவதற்குள் தானாகவே நடந்து புல் மேயத் தொடங்கிவிடும். தாய் அதற்கு இரை ஊட்டுவதில்லை. குஞ்சு இருக்கும் காலத்தில் தாயும் தென்கடலில் இராது. தம் ஊர்க் காக்கையும் குருவியும் செய்வதைப் பரணர் அன்னத்துக்கும் ஏற்றிவிட்டார் என்று கொள்ளலாம்.

ஆனால் பிழையைச் சுட்டியதும் நிறுத்திக்கொள்வது விமரிசனமாகாது. தென்னாட்டில் இருந்த ஒரு புலவருக்கு, கடலோரத்தில் மேயும் இந்தப் பறவையின் கூடு இமயத்துக்கு அருகே இருக்கிறது என்பது எப்படித் தெரிந்தது? லடாக்கிலும் திபெத்திலும் மங்கோலியாவிலும் உள்ள உயர்நிலத்து ஏரிக்கரைகளில் அது முட்டையிடுகிறது. தமிழ்நாட்டில் நின்று எவரும் அதைக் கண்டிருக்க முடியாது. வடக்கே வாணிகத்துக்குப் போய்வந்தவர்கள், வழிப்போக்கர்கள், துறவிகள் சொன்ன செய்தியாக இருக்க வேண்டும். அதாவது, பலருடைய கால்நடையும் கண்களும் சேர்ந்து திரட்டிய அறிவு ஒரு பாட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. சத்திமுற்றப் புலவரின் நாரைப் பாட்டும் இவ்வகையினதே. பனங்கிழங்கைப் பிளந்தது போன்ற அலகு என்று சொல்ல, நாரையையும் பனங்கிழங்கையும் அருகிருந்து பார்த்தவன்தான் வேண்டும். வறுமையும் அந்தப் பாட்டில் உண்டு என்பதை மறக்கலாகாது.

பிசிராந்தையார் சொன்னதெல்லாம் இன்றைய விஞ்ஞானமே என்று பெருமை பேசும் கூட்டம் ஒன்று நம்மிடையே உண்டு. அயிரையைச் சொன்னதால் பாட்டே வெறுங் கற்பனை என்று ஒதுக்குவோரும் உண்டு. இரு சாராரும் குளக்கரைக்குப் போகாதவர்கள். சேற்றில் தலையைக் கவிழ்த்துக் கிழங்கைப் பிடுங்கும் பறவையைத் தொலைவிலிருந்து காண்பவனுக்கு அது மீனைக் கொத்துவதாகவே தோன்றும். எனக்கும் தோன்றிற்று. பார்த்தவன் செய்யக்கூடிய பிழை அது. பாலைப் பிரிப்பது பார்க்காதவன் மட்டுமே செய்யக்கூடிய பிழை. சங்கநூல்களில் வரும் ஒவ்வோர் அன்னமும் வரித்தலை வாத்துதான் என்று நான் சாதிக்கவில்லை. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் படுக்கைக்குப் பயன்பட்ட வெண்ணிறத் தூவி எந்தப் பறவையுடையதோ, அதைத் திரட்டிக் கொடுத்த கைகள் யாருடையவையோ!

அரண்மனைக்கும் மடத்துக்கும் உரிய பொருளாகக் கல்வி சுருங்கச் சுருங்க, அன்னமும் வயலிலிருந்து ஏட்டுக்குக் குடிபெயர்ந்தது. தலைவியின் நடைக்கு உவமை, அரசனின் அகழிக்கு அணி, கலைமகளின் வாகனம் என்று அதற்கு உத்தியோகங்கள் பெருகின. மேய்ச்சல் மட்டும் நின்றுபோயிற்று. அன்னநடை என்பதுகூட முதலில் யாரோ கண்டு சொன்னதாகவே இருக்க வேண்டும். தாராவைப்போல் கால்கள் பின்தள்ளி இராமல் நடுவில் அமைந்திருப்பதால், புல்மேயும் பெருவாத்து நிலத்தில் நன்றாக, நிதானமாக நடக்கும். ஆயிரம் புலவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியபின், அந்த நடை எந்தப் பறவையினது என்பதே மறந்துபோயிற்று.

எனக்கும் மறந்துதான் இருந்தது. 2023 ஆம் ஆண்டு தை மாதத்தில் திருநெல்வேலிச் சீமைக்குப் போக நேர்ந்தது. என் பாட்டனாரின் தமையன் குடும்பம் 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அங்கே அனுப்பப்பட்டு, நாங்குநேரிப் பக்கத்தில் குடியேறியிருந்தது. அவர்களைக் காணச் சென்ற இடத்தில், பக்கத்து ஊரான கூந்தன்குளத்துக்கு வாத்து வந்திருக்கிறது என்றார்கள். 1994 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குளம் அது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அவ்வூரார் பறவைகளைக் காத்து வருகிறார்கள். நாரையும் கூழைக்கடாவும் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது. பக்தியும் வேளாண்மைக் கணக்கும் ஒன்றாய்ச் சேர்ந்த ஏற்பாடு அது. எனக்கு அதில் குறை தெரியவில்லை.

கண்டியில் திருமணங்களுக்குப் படம் எடுக்கும் நண்பர் ஒருவரின் கமரா கையிலிருந்தது. விடியுமுன் கரையை அடைந்தேன். முதலில் கேட்டது குரல். மூக்கால் பேசுவது போன்ற, ஆனால் இனிமையான ஒலி; ஒன்று சொல்ல மற்றொன்று விடையிறுப்பது போலிருந்தது. வெளிச்சம் வந்தபோது நீர்வற்றிய ஓரத்தில் அறுபது எழுபது பறவைகள் நின்றன. சாம்பல் நிற உடல், வெள்ளைத் தலை, அதன் பின்புறம் குறுக்கே இரண்டு கரிய வரிகள், மஞ்சள் கால். கூட்டம் மேய்கையில் எப்பொழுதும் இரண்டு மூன்று மட்டும் கழுத்தை நிமிர்த்திக் காவல் நிற்கும். அவை குனிந்தால் வேறு சில நிமிரும். பார்க்கப் போகிறவன் முதலில் கற்க வேண்டியது இந்தக் கழுத்துகளின் மொழியைத்தான். ஒன்றிரண்டு நிமிர்ந்தால் நின்றுவிட வேண்டும். பத்து நிமிர்ந்தால் பின்வாங்க வேண்டும். எல்லாம் நிமிர்ந்து, பேச்சும் நின்றுபோனால், உன்னால் ஒரு மேய்ச்சல் கெட்டது என்று பொருள்.

படம் எடுப்பதிலும் பாடம் இருந்தது. குளக்கரையின் மேல் நின்றால் வானத்தின் எதிரே மனித உருவம் பூதமாய்த் தெரியும். கீழே இறங்கி ஈரத்தில் உட்கார வேண்டும். வெயில் ஏறினால் வெள்ளைத் தலை வெளுத்து உருவழிந்துவிடும். அது வெளுக்காதபடி ஒளியைக் குறைத்தால் உடல் இருண்டு சேற்றோடு சேர்ந்துவிடும். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் கிடைப்பதே படம். அன்று காலை நான் எடுத்தவற்றில் பெரும்பாலானவை சாம்பல் நிறப் புள்ளிகளாகவே அமைந்தன.

அந்தப் பறவையைப்பற்றியும் ஒரு பால்-நீர்க் கதை உண்டு. எவரெஸ்ட் சிகரத்துக்கு மேலே அது பறந்ததாக மலையேறிகள் சொன்னது பல ஆண்டுகள் புத்தகங்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. பின்னர் அறிஞர்கள் பறவைகளின் உடலில் செய்மதிக் கருவி பொருத்தி, இமயத்தைக் கடக்கும் வழியை அளந்தார்கள். எட்டிய மிகக் கூடிய உயரம் ஏறத்தாழ 7,290 மீற்றர்; பெரும்பாலான பறப்பு 6,000 மீற்றருக்குக் கீழே, கணவாய்களை ஒட்டி, காற்று அடங்கிய இரவிலும் விடியலிலும். சிகரத்துக்கு மேலே பறக்கும் வீரப் பறவை கதையிலே இருந்தது. உண்மைப் பறவை நிலத்தின் மடிப்பைத் தழுவி ஏறி இறங்கி, இயன்றவரை மூச்சை மிச்சப்படுத்தி மலையைக் கடக்கிறது. மெல்லிய காற்றிலும் உயிர்வளியை இறுகப் பற்றும் குருதியும், பெரிய நுரையீரலும் அதற்குத் துணை. பொய் குறைந்ததனால் எனக்கு வியப்பு குறையவில்லை.

பறவையைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் யாருக்குரிய பொழுதுபோக்கு என்ற கேள்வி இங்கே எழுகிறது. எங்கள் மலைகளில் முதலில் பறவையைத் தேடிப் போனவர்கள் துவக்கோடு போனவர்கள். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட வரலாறு எல்லோரும் அறிந்தது. காட்டை அழித்த தோட்டத்துரைமார் விடுமுறையில் வேட்டைக்குச் சென்றனர்; வேட்டைக்கு விலங்கு குறைகிறதே என்ற கவலையில் பிறந்ததுதான் 1894 ஆம் ஆண்டின் வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம். அதுவே பின்பு வனசீவிகளின் காவலாக வளர்ந்தது. மனிதர் மாறுவதுண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பீற்றர் ஸ்கொட் வாத்துகளைச் சுட்டுத் திரிந்தவர். 1946 இல் ஸ்லிம்பிரிட்ஜில் அவற்றுக்கே புகலிடம் அமைத்தார். பின்னர் அங்கு வந்த அன்னங்களை அலகின் மஞ்சளும் கறுப்பும் கலந்த கோலத்தைக்கொண்டு ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பெயரிட்டார்.

தமிழில் இத்துறைக்கு முன்னோடி மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996 இல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கில நாளிதழில் இயற்கையைப்பற்றி விடாது எழுதினார், தமிழிலும் எழுதினார். தியடோர் பாஸ்கரன் தொகுத்தளித்த 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூல் இல்லாவிட்டால் அத்தமிழ்க் கட்டுரைகள் நம் தலைமுறைக்கு எட்டியிரா. கிருஷ்ணனின் கறுப்பு வெள்ளைப் படங்களில் நான் கண்டவற்றில் யானை இருக்கும் இடத்தில் காடும் இருக்கிறது. புல்லின் உயரம் தெரிகிறது, மரத்தின் நிழல் தெரிகிறது. விலங்கு ஓர் இடத்தில் வாழ்வது என்ற நினைவு அவரை விட்டு அகலவில்லை.

இன்று நாள்தோறும் நம் முன் குவியும் வாத்துப் படங்களை இதனோடு ஒப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். நெடுந்தொலை வில்லையால் பறவையை மட்டும் கிள்ளி எடுத்து, பின்னணியைப் பஞ்சாக மங்கவைத்துவிடுகிறார்கள். ஒவ்வோர் இறகும் எண்ணும்படி துலங்குகிறது. அது நிற்பது கூந்தன்குளமா, சிலிகா ஏரியா, மிருகக்காட்சிச்சாலையா என்று சொல்ல முடியாது. அறுவடை முடிந்த தாள் இல்லை, வரப்பு இல்லை, ஆடு மேய்ப்பவர் இல்லை. இயற்கைச் சூழலில் எடுத்தது என்று கீழே எழுதியிருக்கும் படத்தில் சூழலை மட்டும் காணோம். கைத்திறனை நான் குறைத்துப் பேசவில்லை. அத்தகைய ஒரு படத்தையும் என்னால் எடுக்க முடியாது. ஆயினும், பிற்காலப் புலவர்கள் சொல்லால் செய்ததையே இவர்கள் கமராவால் செய்கிறார்கள் என்றே கூறுவேன். அன்னம் மறுபடியும் அந்தரத்தில் நிற்கிறது.

அதே காலையில் கரையில் இன்னொரு படப்பிடிப்பாளரும் இருந்தார். பெரிய கருவி, முக்காலி எல்லாம் உண்டு. பறவைகள் மேய்ந்துகொண்டே இருந்ததில் அவருக்குச் சலிப்பு. பறக்கும் படம் வேண்டும். ஆடு ஓட்டி வந்த ஒரு சிறுவனை அழைத்து, கரையோரமாக ஓடிவரச் சொன்னார். சிறுவன் ஓடினான். கழுத்துகள் எல்லாம் ஒருசேர நிமிர்ந்தன. அந்நேரம் சுள்ளிக்கட்டோடு வந்த ஒரு மூதாட்டி கையை உயர்த்திக் கத்தினார். "ஏலே, அதுவொ எவ்வளவு தூரத்துலேருந்து வந்து எறங்கியிருக்கு, வெரட்டுதியே!" பின்பு எங்கள் இருவரையும் பார்த்து, "நீங்க படம் புடிச்சிட்டுப் போயிருவீய. நாங்கல்லா பாத்துக்கிடணும்" என்றார். ஆச்சி என்னையும் சேர்த்தே வைதார். அது நியாயமே. வாத்துகள் எழும்பிய கணத்தில் என் விரலும் கமராவை அழுத்திவிட்டது. அந்தச் சிறுவன் ஓட வேண்டும் என்று என் மனத்தின் ஒரு மூலையும் விரும்பிற்று என்பதை மறைப்பானேன்? வடக்கே திரும்பும் நெடும்பயணத்துக்காகப் பறவை கொழுப்புச் சேர்க்கும் காலம் அது. ஒவ்வொரு வீண் எழுச்சியும் அந்தச் சேமிப்பிலிருந்தே செலவாகிறது.

மலையகக் கவியரங்குகளில் அடிக்கடி கேட்கும் ஓர் உவமையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கடவுச்சீட்டு இல்லாமல் பறவை எல்லை கடக்கிறது, நாமோ நாடற்றவர்களானோம் என்பது அது. கைதட்டலும் பெறுகிறது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடிழந்த மக்களின் பேரனாகிய எனக்கும் அந்த வரி ஒரு காலத்தில் பிடித்தேயிருந்தது. கூந்தன்குளத்துக்குப் போனபின் பிடிக்கவில்லை. வாத்துக்கு இரண்டு வீடு. இரண்டுக்கும் ஆண்டுதோறும் போய்வரும் வழி அதற்குத் தெரியும். 1964 இல் இரண்டு தலைநகரங்கள் உட்கார்ந்து 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேர் பிறகு என்று பங்கிட்டபோது, போனவர்கள் திரும்பிவர வழி வைக்கப்படவில்லை. என் பாட்டனாரும் அவர் தமையனாரும் அதன்பின் ஒருவரை ஒருவர் காணவேயில்லை. அந்தப் பிரிவுக்குப் பறவையை உவமையாக்குவது, சட்டம் போட்டவர்களைக் காற்றோடும் பருவத்தோடும் சேர்த்து மன்னித்துவிடுவதாகும். பிசிராந்தையாரும் தாமே பறவை என்று பாடவில்லை. பறவையிடம் செய்தி சொல்லி அனுப்பினார்.

அன்று எடுத்த படங்களில் ஒன்று ஓரளவு தேறியது. வாத்துகள் எழும்பும் படம் அது. இடப்பக்க மூலையில் ஆச்சியின் உயர்ந்த கையும் சுள்ளிக்கட்டின் பாதியும் விழுந்திருந்தன. கமராவைத் திருப்பிக் கொடுத்தபோது நண்பர், அந்த மூலையை வெட்டிவிட்டால் போட்டிக்கே அனுப்பலாம் என்றார். வெட்டாமலே அச்சிட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். நன்னூற் பாயிரம் நடத்தும்போது இப்பொழுது அதைக் காட்டுகிறேன். பவணந்தியார் இவ்வாறு கூறினார், பறவை இவ்வாறு வாழ்கிறது என இரண்டையும் சொல்கிறேன். பரீட்சையில் எதை எழுத வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இரண்டையும் எழுதுங்கள் என்கிறேன். வெளியிலிருந்து விடை திருத்துபவர் என்ன செய்வாரோ தெரியாது.

சென்ற தீபாவளிக்கு அந்த மாணவி ஊருக்கு வந்திருந்தாள். கொழும்பில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. தங்கையின் சான்றிதழுக்காகப் பாடசாலைக்கு வந்தவள் படத்தின் முன் நின்றுவிட்டாள். இதுதான் அன்னம் என்றேன். சிரித்துக்கொண்டு, "அப்ப எனக்கு நாலு புள்ளி தரணும், சேர்" என்றாள். தர வேண்டியதுதான் என்றேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, வாத்துகளை விட்டு அந்த மூலையில் விரலை வைத்து, "இந்தக் கை யாரோடது?" என்று கேட்டாள். ஆச்சியைப்பற்றிச் சொன்னேன். அவர் கூறியதை அந்த ஊர்ப் பேச்சிலேயே ஒருமுறை சொல்லிக் காட்டச் சொல்லிக் கேட்டாள்.